கல்லறை மதிலுக்கு வெளியே கிடக்கும் சவரி விஷயமாக யாகப்பன் சொன்னது

1974-ம் வருடம் நவம்பர் மாதம் 4-ம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அழைப்பு எதுவும் இல்லாமல் தானாக ஸ்டேஷனுக்கு வந்த நபர் சப்-இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் யாகப்பன். வயது நாற்பத்து நாலு. தகப்பனார் பெயர் சின்னப்பன், அவர் இப்போது இல்லை. மதம் ரோமன் கத்தோலிக்கு. தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் ரோட்டில் இருக்கும் சவேரியார்மேடு கிராமத்தில் கோவில் தெருவில் குடியிருக்கிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடத் தெரியும். தொழில் கேட்டால் விவசாயக் கூலி என்றுதான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். இங்கே அப்படிச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

சென்ற மே மாதம் 13-ம் தேதி அரூர் தாலுகா, தீர்த்தமலைக்குப் போகும் வழியில் உள்ள பாறைக்கொட்டாய் கிராமத்தில் கிணற்றிலிருந்து பிணமாக எடுக்கப்பட்ட சவரி என்பவர் தானாகக் கிணற்றில் குதிக்கவில்லை. கிணற்றுக்குள் போகும்போது அவருக்கு உயிர் இல்லை. தற்கொலை என்று முடிவானதால் அவரைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். எங்கள் மதத்தில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது, கோவில் மணி அடிக்கமாட்டார்கள், சாமியார் வரமாட்டார். அந்த மனிதரை மதிலுக்கு உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன். எனக்கு என்ன தண்டனை என்பதைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்குப் பேச்சில்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த விதம் என்னவென்றால், தர்மபுரி டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாயவன் என்பவர் பழைய புரோநோட்டுகளை விலைக்கு வாங்குகிறவர். கடன் கொடுத்தவர் வசூல் செய்ய முடியாமல் விட்ட நோட்டுகளை, ரூபாய்க்கு இரண்டணா என்ற கணக்கில் வாங்கிப் பின்பக்கம் மேடோவர் எழுதித் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளுவார். 1972-ம் வருடம் அதியமான்கோட்டையில் வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனதும், அவர் மகனிடமிருந்து ஒரு உரச்சாக்கு நிறைய நோட்டுகளை மாயவன் வாங்கினார். அந்தச் சாக்கில் என் நோட்டும் ஒன்று இருந்தது. அவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, ஓடிப்போனவர்களில் பத்துப் பேரைக் காட்டிக்கொடுத்தால் என் நோட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய், இரண்டு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

நோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள், அதற்கு மேல் கோர்ட்டில் செல்லாது. ஆகவே ஆளைப் பிடித்துப் புது நோட்டில் கைநாட்டு வாங்கினால்தான் பழைய கடனுக்கு உயிர் வரும். அதனால்தான் ஆள் தேடுவதற்கு இத்தனை மவுசு. ஓடிப்போனவனைக் கண்டுபிடிப்பதைப் பெரிய துப்பறியும் வேலை என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் டி.சி. கேட்டு எந்த ஊரிலிருந்து கடுதாசி வந்தது என்று வாத்தியாரிடம் கேட்பேன். தபால்காரருக்கு பீடி வாங்கிக் கொடுப்பேன். யாரையும் மிரட்டிக் கேட்டதில்லை. ஓடிப்போனவனின் விரோதியிடம் கேட்டால் தெரியாது என்பான், அவனுக்கு நிஜமாகவே தெரியாது. அவன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் உட்கார்ந்து, "உங்க அண்ணன் பொண்ணுக்கு நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குதுங்க, அதான் எங்க இருக்காருன்னு கேட்டுப் போலாம்னு வந்தன்" என்றால், காப்பி போட்டுக் கொடுத்து விலாசத்தையும் சொல்லுவார்கள். அவர்கள் அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், அதனால்தான் சொல்லுவார்கள்.

இந்துக்களாக இருந்தால் குலசாமி கோவிலில் போய் உட்கார்ந்துகொண்டால் போதும். பிள்ளைக்கு மொட்டை அடிக்கவும் காது குத்தவும் எப்படியும் வந்தே தீருவார்கள். முனிராஜ் என்பவரைக் கன்னட எல்லையில் உள்ள தளிப் பக்கம் அப்படித்தான் பிடித்தோம். பிள்ளைக்கு அடித்து முடித்துவிட்டுத் தனக்கும் மொட்டை அடித்துக்கொண்டிருந்தவரைப் பாதி மொட்டையில் மாயவனும் அவர் ஆளும் இழுத்தார்கள். தலையில் ஒரு பக்கம் மயிரும் ஒரு பக்கம் ரத்தமுமாக, தெரிந்த தமிழெல்லாம் மறந்துபோய் வேண்டாம் என்பதை "பேடா, பேடா" என்று கன்னடத்தில் கத்தினார். அவர் காது மடல் கிழிந்தது. காது குத்த வந்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர் கைநாட்டு வைத்தார். அன்று நான் கைகட்டி வேடிக்கை பார்த்தேன், சோறும் சாப்பிட்டேன்.

மாயவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பது இருக்கும். சத்தம் போட்டுப் பேசமாட்டார், யாரையும் நீ என்று சொல்லமாட்டார். செருப்பால் அடிக்கும்போதும் வாங்க போங்க என்றுதான் சொல்லுவார். அவருடன் பச்சியப்பன் என்று மண்டியில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் உண்டு, வயது முப்பதுக்குள். அடிக்கிற வேலை பெரும்பாலும் அவனுடையது. பிடித்துக்கொள்கிற வேலை என்னுடையது.

சவரி எங்கள் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். திருநாளில் சப்பரம் தூக்கும்போது முன்கொம்பு அவர், பின்கொம்பு நான். மழையே இல்லாத 1966-ம் வருடத்தில் மாடு வாங்க அதியமான்கோட்டையில் முன்னூற்றைம்பது ரூபாய் வாங்கினார். மாடும் செத்தது, கடலையும் காய்ந்தது. 1968-ல் சம்சாரம் இன்னாசியம்மாளையும் மகள் ஆரோக்கியம்மாளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் கோலாருக்குப் போவார்கள் என்று கோலாருக்கு இரண்டு தடவையும் பெங்களூருக்கு ஒரு தடவையும் போய்த் தேடினேன். அவர் இதே மாவட்டத்தில் இருந்திருக்கிறார். நல்ல தேடல்காரன் நான்.

இவ்வாறிருக்க, சென்ற ஏப்ரல் மாதம் 28-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் பூசைக்குப் போயிருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். எங்கள் மதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் இப்போது எங்கே இருந்தாலும் அவர்கள் ஞானஸ்நானம் வாங்கின ஊரிலும் வாசிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்பதற்காக. அன்று வாசித்தது என்னவென்றால், "இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்று, தற்சமயம் பாறைக்கொட்டாயில் குடியிருக்கும் சவரி, இன்னாசியம்மாள் இவர்களின் குமாரத்தி ஆரோக்கியம்மாளுக்கும்" என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை அருள்சாமி என்றும், இது முதல் ஓலை என்றும் வாசித்தார். தாலியை வீட்டிலேயே கட்டியிருக்கலாம், பதிவு ஆபீசுக்குப் போயிருக்கலாம். ஆறு வருஷம் ஒளிந்திருந்த மனிதர் மகளுக்குக் கோவில் கல்யாணம் வேண்டும் என்று தன் விலாசத்தைத் தானே ஊர் கேட்க வாசிக்க விட்டுவிட்டார்.

கோவிலுக்கு வெளியே வந்ததும் அவருடைய தங்கை ராயம்மாள் எல்லோரிடமும், "எங்கண்ணன் நல்லாருக்குதுங்க, பொண்ணுக்குக் கல்யாணமாமுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் ரொம்ப சந்தோஷம் என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தர்மபுரிக்குப் போய் மாயவனிடம் சொன்னேன். அது பத்தாவது ஆள். கல்யாணம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மாயவன் உடனே புறப்படவில்லை. "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி போலாங்க. அப்பத்தான் வூட்ல நகையும் இருக்கும், மானமும் இருக்கும்" என்றார். கல்யாணம் மே 15-ம் தேதி புதன்கிழமை என்று விசாரித்து அறிந்துகொண்டு, 13-ம் தேதி திங்கட்கிழமை காலையில் மாயவன், பச்சியப்பன், நான் ஆகிய மூவரும் பஸ்ஸில் அரூர் வந்து, அங்கே வாடகை சைக்கிள் இரண்டு எடுத்துக்கொண்டு, பகல் இரண்டு மணி சுமாருக்குப் பாறைக்கொட்டாய் சேர்ந்தோம். இன்னாசியம்மாளும் மகளும் அரூருக்குப் புடவை எடுக்கப் போயிருப்பதாக ஊர் முகப்பில் ஒரு பாட்டி சொன்னாள். நான் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் என்று சொல்லி, சவரி விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழும் காட்டுக்கு வழி கேட்டுக்கொண்டேன்.

சவரி கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து முடித்து, மாடுகளை அவிழ்த்துக் கிணற்று மேட்டில் இருக்கும் கல்தொட்டியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் முன்னால் போனேன். என்னைக் கண்டதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி, "அட வாடா, ரெண்டு நாள் முன்னாடியே கல்யாணத்துக்கு வந்துட்டியா, ஓல காதுல வுழுந்துச்சா" என்று கேட்டு என் தோளில் கை போட்டார். அதன் பிறகு எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரையும் பார்த்தார். தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். என்னை அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாயவன் மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க சவரி, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே, இது ஞாயங்களா?" என்று கேட்டு, வட்டியும் முதலுமாக ஆயிரத்து நானூறுக்குப் புது நோட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னார். சவரி கும்பிட்டார். "கல்யாணம் முடியட்டுங்க. இந்தத் தடவ கடல போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடறனுங்க. கைநாட்டு மட்டும் கேக்காதீங்க. நான் வெச்சா அது பொறந்த வூட்டுக் கடனா எம் பொண்ணு பின்னாடியே போவும்" என்றார். மாயவன் எழுந்து செருப்பைக் கழற்றி அவர் வாயில் அடித்து, "புரியலீங்களா?" என்று கேட்டார். மறுபடி அடித்தார், மறுபடி கேட்டார். இப்படி ஏழெட்டுத் தடவை இருக்கும். சவரியின் முன்பல் ஒன்று விழுந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "வெக்க மாட்டனுங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு பச்சியப்பன், மாட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த நுகத்தடியை எடுத்து அவர் வலது முழங்காலில் அடித்தான். பச்சை விறகு முறிவது மாதிரி சத்தம் கேட்டது. சவரி கீழே விழுந்தார். நான் மாயவன் சொன்னபடி அவர் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, இடது கையைப் பிடித்து இழுத்து, நோட்டு வைக்க மாயவன் கொண்டுவந்திருந்த பலகைமேல் வைத்தேன். மை டப்பாவை மாயவன் திறந்து வைத்திருந்தார். சவரி கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை மூடிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக நான் பிரித்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முறிந்தன. முறித்தது நான்தான். அப்போது அவர் தலையைத் தூக்கி என் வலது கையைக் கடித்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் இந்த வடு அவருடைய பல்லால் ஆனது, இப்போது சப்-இன்ஸ்பெக்டரிடம் காட்டியிருக்கிறேன். வலி பொறுக்கமாட்டாமல் நான் கத்தினேன். பச்சியப்பன் எனக்கு உதவி செய்வதாக நினைத்து நுகத்தடியால் சவரியின் பின்மண்டையில் ஓங்கி அடித்தான். பல் என் கையைவிட்டுக் கழன்றது. நான் பிடித்திருந்த முஷ்டி தானாகத் திறந்துகொண்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாயவன் குனிந்து மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தார். மாடுகள் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு மாயவன், "சூடு இருக்கையிலயே வெச்சிடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சவரியின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி நோட்டில் வைத்தேன். நன்றாகப் பதிந்தது. தேதியை ஒரு வாரம் முன்னாலேயே, மே 6 என்று போட்டார். சாட்சி கையெழுத்து நானும் பச்சியப்பனும் போட்டோம். விரலில் இருந்த மையை மண்ணால் தேய்த்துக் கழுவினேன். பிறகு பச்சியப்பன் தோளையும் நான் காலையும் பிடித்துத் தூக்கிக் கிணற்றில் போட்டோம். நடுவில் இருக்கும் பாறையில் பட்டு உள்ளே போனார். தண்ணீர் ஒரு ஆள் மட்டம் இருக்கும். கழுத்திலிருந்து அறுந்து விழுந்திருந்த, மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றை அவர் பின்னாலேயே போட்டேன். தொட்டித் தண்ணீரை மொண்டு ரத்தம் பட்ட கல்லைக் கழுவியது மாயவன்.

அரூர் பஸ் நிறுத்தத்தில் மாயவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். சட்டைப்பையிலிருந்து என் நோட்டை எடுத்து நாலாகக் கிழித்து என் கையில் கொடுத்து, "கணக்குத் தீந்துதுங்க" என்றார்.

மறுநாள் மாயவன் தனியாகப் பாறைக்கொட்டாய்க்குப் போய், கல்யாணச் செலவுக்கு ஒரு வாரம் முன்புதான் தன்னிடம் ஆயிரத்து நானூறு வாங்கினார், பாவம், பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று எல்லோரிடமும் நோட்டைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். விசாரணையில் உடம்பில் இருந்த காயமெல்லாம் கிணற்றுப் பாறையில் பட்டது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் தற்கொலை நடந்த வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று போய்விட்டார்கள். ராயம்மாள் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து கோவில் வாசலில் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு சொன்னாள். மணி அடிக்கவில்லையாம். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பிள்ளைகளைப் புதைக்கும் இடத்தில், மதிலுக்கு வெளியே சப்பாத்திக்கள்ளி ஓரத்தில், நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்களாம். அவர் செத்ததைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. இது என்ன நியாயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடிப்பதற்குப் பிடித்துக் கொடுத்தவன்தான் நான். ஆனாலும் கடவுளிடத்திலும் அந்த மனிதருக்கு வாசல் அடைக்கப்பட்டது என்னால்தான் என்றால் அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14-ம் தேதி, மாதா திருநாளுக்கு முந்தின நாள், பாறைக்கொட்டாய்க் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அந்தப் பங்குச் சாமியாரே சவரியை வெளியே புதைக்கச் சொன்னவர், அதனால் அவரிடமே சொன்னால் அவரே உள்ளே மாற்றிவிடுவார் என்பது என் எண்ணம். மனு கொடுப்பது போல நினைத்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "போலீஸ்ல போய்ச் சொல்லு, சொல்றேன்னு எனக்கு வாக்குக் குடு" என்றார். சரிங்க சாமி என்றேன். போகவில்லை. அவருக்குத்தான் தெரிந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு ராயம்மாளைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணன உள்ள மாத்திட்டாங்களா?" என்று கேட்பேன். அவள் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பாள். அக்டோபர் மாதம் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் இருந்தார். "நான் சொன்னது என்னாச்சுங்க சாமி?" என்று கேட்டேன். சாமியார் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ? எந்த ஊரு?" என்றார். மாயவன் அவரை விலைக்கு வாங்கிவிட்டான் என்று நினைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவர் அங்கியைப் பிடித்து உலுக்கினேன். பொத்தான்கள் தெறித்தன. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "எங்கிட்ட எதாச்சும் சொல்லணும்னா இப்ப இங்கயே சொல்லு, உபதேசியார் சாட்சியா எழுதிக்குவார்" என்றார். உபதேசியார் என்னைக் குடைக்கம்பால் அடித்து வெளியே தள்ளி, "ஏம்பா, பாவசங்கீர்த்தனத்துல கேட்டத அவரு கழுத்த அறுத்தாலும் வெளிய காட்டக் கூடாது. தெரிஞ்ச மாதிரி மூஞ்சியக்கூட வெச்சிக்கக் கூடாது. இது தெரியாம எந்த ஞானோபதேசம் படிச்ச நீ?" என்று கேட்டார்.

ஊரார் ரகசியத்தைச் சாமியார் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். சொன்னவனே வந்து கேட்டாலும் அவர் அப்படித்தான் இருப்பார் என்பது தெரியாது. அப்போதே உள்ளே திரும்பிப் போய் உபதேசியார் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தூக்குக்கயிறு ஞாபகம் வந்தது, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

முந்தாநாள் நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். வீட்டில் இருக்க முடியாமல் பாறைக்கொட்டாய் வந்து கூட்டத்தோடு நின்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜனங்கள் எல்லோரும் அவரவர் கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இன்னாசியம்மாள் மதிலுக்கு வெளியே கள்ளி ஓரத்தில், காற்றில் அணையாமல் இருக்கத் தேங்காய்த் தொட்டிக்குள் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியார் மதில்வரை வந்து நின்றார். அவளையும் அந்த மண்மேட்டையும் பார்த்தார். கையில் தீர்த்தச் செம்பு இருந்தது. தெளிக்கவில்லை. திரும்பும்போது என்னைப் பார்த்தார், அதுவும் யாரோ ஒருவனைப் பார்ப்பது போலத்தான். உண்மை தெரிந்த மனிதர் ஒருவர் ஒரு மதிலைத் தாண்ட முடியாமல் நின்றதை நான் பார்த்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அவருக்கு அந்தக் கட்டுப் போட்டவன் நான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பகலில் இன்னாசியம்மாள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து விறகுக்கட்டையை உருவிக்கொண்டு வந்து என்னை அடித்தாள். இடது புருவத்தின்மேல் இருக்கும் காயமும் கழுத்தில் இருக்கும் தீக்காயமும் அதனால் ஏற்பட்டவை. அதற்காக அவள்மேல் எனக்குப் புகார் இல்லை, அப்படி எதுவும் எழுதவும் கூடாது. மகள் ஆரோக்கியம்மாள் வந்து தடுத்தாள். அதன் பிறகு இன்னாசியம்மாள் கட்டையைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாவும்போது சேசு மரி சூசைன்னு சொன்னாரா? அத மட்டும் சொல்லுடா" என்றாள். எங்கள் ஜனங்கள் சாகும்போது சொல்ல வேண்டியது அந்த வார்த்தைதான். அதைச் சொல்லிச் செத்தால் நல்ல சாவு. நான் சொன்னார் என்றேன். எத்தனை தடவை என்று கேட்டாள். மூன்று தடவை என்றேன். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்பச் சரி, போ" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள், சவரி கடைசியாக ஏதாவது பேசினாரா என்று கேட்டதில் சொல்லுகிறேன். நான் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தபோது அவர் சேசுவையும் கூப்பிடவில்லை, மாதாவையும் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "யாகப்பா, யாகப்பா, யாகப்பா" என்றார். நான் விரலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று பாறைக்கொட்டாய் சாமியாருக்குப் போக வேண்டும், சவரி உயிரோடு கிணற்றில் விழவில்லை என்ற இடத்தைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். கோர்ட்டில் இதைப் படிக்கும் நாளில் இன்னாசியம்மாள் அங்கே இருந்தால், இதற்கு மேலே உள்ள பத்தி வரும்போது மட்டும் அவளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். அது தன் கையில் இல்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் நான் கேட்டதை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதினதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள முடிவு செய்த பிறகு நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், அதை நேற்று அந்த அம்மாளிடம் சொன்னேன், அதை மாற்றிக்கொள்ள எனக்குச் சம்மதம் இல்லை.

(ஒப்பம்) சி. யாகப்பன்